முழங்கால் ரிஃப்ளெக்ஸைப் பயிற்சியால் வேகமாக்க முடியுமா?

கேள்வி | 3 ஜூன், காலை 9.10

கல்லூரி அணியில் விக்கெட் கீப்பர் நான். "ரிஃப்ளெக்ஸ் பத்தலைடா" என்று கோச் தினமும் திட்டுகிறார். டாக்டர் முழங்காலில் தட்டினால் கால் தானாக உதைக்கிறது, அது மூளைக்குத் தெரியாமலே நடக்கிறது என்று பள்ளியில் படித்தேன். அப்படியென்றால் மூளையை விட்டுவிட்டு வேலை செய்ய உடம்பைப் பழக்கிவிட முடியாதா? தோனி 0.08 வினாடியில் ஸ்டம்பிங் செய்தார் என்று டிவியில் போட்டார்களே, அது இப்படித்தானா?

3 ஜூன், இரவு 10.40

நான் டாக்டர் இல்லை. நரம்பு டெஸ்ட் எடுக்கும் வேலை. அதனால் இந்தக் கேள்வியைப் பார்த்ததும் கை சும்மா இருக்கவில்லை.

தம்பி, கோச் சொல்கிற ரிஃப்ளெக்ஸ் வேறு, டாக்டர் தட்டிப் பார்க்கிற ரிஃப்ளெக்ஸ் வேறு. பந்து எட்ஜ் ஆவதைக் கண் பார்க்க வேண்டும், மூளை முடிவெடுக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் கை நகரும். கண்ணால் பார்த்துச் செய்கிற எதற்கும் சுமார் 0.2 வினாடி ஆகும். காதால் கேட்டுச் செய்வது கொஞ்சம் சீக்கிரம். ஓட்டப்பந்தயத்தில் துப்பாக்கி வெடித்து 0.1 வினாடிக்குள் கால் கிளம்பினால் தப்பான ஸ்டார்ட் என்று வெளியே அனுப்பிவிடுகிறார்கள். சத்தத்தைக் கேட்டு அதைவிட வேகமாக எவனாலும் கிளம்ப முடியாது என்ற கணக்குத்தான்.

முழங்கால் தட்டில் அப்படியில்லை. தட்டி 0.02 வினாடியில் தொடைத் தசையில் மின்சாரம் தெரியும். பத்தில் ஒரு பங்கு நேரம். நடுவில் யாரிடமும் கேட்க வேண்டியதில்லையே.

தோனியின் 0.08 என்பது பந்து கையில் வந்து பெயில்ஸ் போகும் வரை உள்ள நேரம். பந்து வருவதற்கு முன்பே கை ஸ்டம்பை நோக்கிக் கிளம்பியாயிற்று. அது ரிஃப்ளெக்ஸ் இல்லை, முன்கூட்டியே கணிப்பது. அதைத்தான் நீங்கள் பழக வேண்டும்.

முழங்கால் ரிஃப்ளெக்ஸைப் பழக்க முடியாது.

4 ஜூன், மாலை 6.15

"சுத்தியல் நரம்பில் அடிக்கிறது, அதனால் கால் துள்ளுகிறது" என்று கீழே ஒருவர் எழுதியிருக்கிறார். டெஸ்ட்டுக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் இப்படித்தான் நினைக்கிறார்கள்.

அடி விழுவது நரம்பில் இல்லை. முழங்கால் சில்லுக்குக் கீழே விரலால் அழுத்திப் பாருங்கள், கயிறு மாதிரி ஒரு தசைநாண் இருக்கும். அதைத் தட்டினால் மேலே தொடையின் முன்பக்கத் தசை துளியூண்டு இழுபடும். அந்தத் தசைக்குள் நீளத்தைக் கவனிக்கவென்றே தசைக்கதிர்கள் இருக்கின்றன. "நீளம் திடீரென்று கூடிவிட்டது" என்ற செய்தி அங்கிருந்து தொடை நரம்பு வழியாகத் தண்டுவடத்துக்குப் போகிறது. தண்டுவடத்தின் இடுப்புப் பகுதியில் எல்2 முதல் எல்4 வரை எண்ணிட்ட இடம், முக்கியமாக எல்3, எல்4. அங்கே ஒரு நரம்பணு அடுத்ததைத் தொடும் ஒரே ஒரு சந்திப்பு. அதற்கு சினாப்ஸ் என்ற பெயரை 1897-இல் வழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் இங்கிலாந்து விஞ்ஞானி ஷெரிங்டன். அதைத் தாண்டியதும் இயக்க நரம்பு "சுருங்கு" என்று அதே தசைக்குத் திருப்பிச் சொல்கிறது. கால் உதைக்கிறது.

இன்னொன்றும் கூடவே நடக்கிறது. தொடையின் பின்பக்கத் தசைக்கு "நீ விடு" என்ற செய்தியும் போகிறது. இரண்டும் ஒரே நேரத்தில் இழுத்தால் கால் எங்கே நகரும்? அந்த வழியில் நடுவே இன்னொரு நரம்பணு உண்டு, ஆக இரண்டு சந்திப்புகள்.

இந்த ஏற்பாடு டாக்டருக்காக வந்ததில்லை. நிற்கும்போது முழங்கால் லேசாக மடங்கப் பார்த்தாலே முன்பக்கத் தசை இழுபடும், உடனே சுருங்கித் தாங்கும். பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல் நின்று மொபைல் பார்க்கிறோமே, அந்தத் தைரியத்துக்குப் பின்னால் இதுவும் இருக்கிறது.

1875-இல் ஜெர்மனியில் எர்ப், வெஸ்ட்ஃபால் என்ற இருவர் தனித்தனியாக இதை எழுதினார்கள். எர்ப் இது ரிஃப்ளெக்ஸ் என்றார். வெஸ்ட்ஃபாலோ, அடிபட்ட தசை தானே சுருங்குகிறது, தண்டுவடம் வரை போகவில்லை என்றார். எர்ப் சொன்னதுதான் நின்றது.

4 ஜூன், இரவு 11.05

தொடங்கிய தம்பி திரும்ப வந்து, "ரூம்மேட்டை வைத்துத் தட்டினேன், எனக்கு வரவே இல்லை, பயமாக இருக்கிறது" என்கிறார். பயப்பட வேண்டாம். கால் தரையில் ஊன்றியிருந்தால் வராது. உயரமான மேஜையில் உட்கார்ந்து காலைத் தொங்கவிடுங்கள். "இப்ப தட்டப் போறான்" என்று காத்திருந்தாலே தொடை இறுகிவிடும், அப்போதும் வராது.

அதற்கு ஒரு தந்திரம். இரண்டு கை விரல்களையும் கொக்கி போல ஒன்றோடொன்று மாட்டி வெளிப்பக்கமாக இழுங்கள். இழுத்துக்கொண்டிருக்கும்போதே நண்பர் தட்டட்டும். பெரும்பாலும் வந்துவிடும். ஹங்கேரி டாக்டர் யென்ட்ராசிக் 1880-களில் சொன்னது, இன்றும் எல்லா நரம்பு வார்டிலும் இதைத்தான் செய்யச் சொல்கிறார்கள். கை இழுத்தால் கால் ஏன் பலமாக உதைக்க வேண்டும்? ஒரு காரியத்தில் முயற்சி போட்டால் தண்டுவடம் முழுக்கவே கொஞ்சம் உசாராகிவிடுகிறது. கவனமும் காலை விட்டுப் போய்விடுகிறது.

ஆக "மூளைக்குத் தெரியாமலே" என்பது முக்கால் உண்மைதான். சுற்று தண்டுவடத்திலேயே முடிந்துவிடுகிறது. ஆனால் ரேடியோ சத்தம் போல உதையைக் கூட்டுவதும் குறைப்பதும் மேலே இருக்கும் மூளைதான்.

ரூம்மேட்டிடம் இரும்புச் சுத்தியலைக் கொடுக்காதீர்கள். உள்ளங்கையின் ஓரமே போதும்.

6 ஜூன், காலை 7.30

தோசைக்கல்லில் கை பட்டதும் இழுத்துக்கொள்கிறோமே, அதுவும் முழங்கால் தட்டும் ஒன்றுதானா என்று கேட்டவருக்கு. கை சுட்டதும் இழுப்பதும் முழங்கால் தட்டும் ஒன்று என்று பாடப்புத்தகத்தில் ஒரே படத்தில் போட்டுவிடுகிறார்கள். ஒன்றில்லை. தட்டில் ஒரே சந்திப்பு. சூட்டில் இடைநரம்பணுக்கள் பல. கையை இழுக்க வேண்டும் என்றால் விரல், மணிக்கட்டு, முழங்கை, தோள் எல்லாம் ஒழுங்காக நகர வேண்டுமே.

வழி நீளம் என்பதால் மேலிருந்து தலையிடவும் முடிகிறது. காலி டம்ளர் சுட்டால் போட்டுவிடுவோம். கொதிக்கிற குழம்புச் சட்டியைக் கரித்துணி வழுக்கிக் கையில் பிடித்துவிட்டால், பக்கத்தில் குழந்தை நின்றால், பல்லைக் கடித்துக்கொண்டு மேடை வரை கொண்டுபோய் வைத்துவிட்டுத்தான் கையை உதறுவார்கள். கை எரிகிறது, தண்டுவடம் விடச் சொல்கிறது, மூளை விடாதே என்கிறது. முழங்கால் தட்டை இப்படி நினைத்த மாத்திரத்தில் நிறுத்த முடியாது. தொடையை இறுக்கி மறைக்கலாம், அவ்வளவுதான்.

நெருஞ்சி முள் குத்தினால் என்ன ஆகிறது என்று கவனித்திருக்கிறீர்களா? குத்திய கால் மேலே வரும். அதே நொடியில் மற்ற கால் விறைத்து உடம்பைத் தாங்கும். அதுவும் தண்டுவடத்துக்குள்ளேயே இடமிருந்து வலம் தாண்டிப் போகும் செய்திதான். அது இல்லையென்றால் முள் குத்தும்போதெல்லாம் குப்புற விழ வேண்டியதுதான்.

6 ஜூன், இரவு 9.50

"நரம்பில் செய்தி ஒளி வேகத்தில் போகிறது" என்று ஒரு வாட்ஸ்அப் படம் போட்டிருக்கிறார்கள். நல்லவேளை, ராக்கெட் படமும் சேர்த்துப் போடவில்லை.

ஒரு காலத்தில் பெரிய ஆட்களே கிட்டத்தட்ட அப்படித்தான் நினைத்தார்கள். அந்த வேகத்தை அளக்கவே முடியாது என்று ஜெர்மன் உடலியல் அறிஞர் யோஹானஸ் முல்லர் சொல்லியிருந்தார். அவருடைய மாணவர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1850 வாக்கில் தவளைக் கால் நரம்பில் அளந்து காட்டினார். வினாடிக்கு 30 மீட்டர் சுமாருக்கு வந்தது. ரயிலே அந்த வேகத்தில் போகும்.

நம் உடம்பில் எல்லா நரம்பிழைக்கும் ஒரே வேகம் கிடையாது. தசைக்கதிரிலிருந்து வருகிற தடித்த இழைகள் வினாடிக்கு 70 முதல் 120 மீட்டர் என்று புத்தகங்களில் இருக்கும். தொடு உணர்வு அதற்கு அடுத்தது. சுருக்கென்ற வலி 5 முதல் 30 மீட்டர். கடுகடுவென்று நின்று வலிக்கும் வலியைக் கொண்டுவரும் மெல்லிய இழைகள் வினாடிக்கு 0.5 முதல் 2 மீட்டர்தான். நாம் நடக்கும் வேகம்.

நிலைப்படியில் கால் சுண்டுவிரல் இடித்துக்கொண்டால் இது நன்றாகத் தெரியும். இடித்தது உடனே தெரிகிறது. சுளீர் என்கிறது. அப்புறம் ஒரு சின்ன இடைவெளி, "ஐயோ, இப்ப வரப் போகுது" என்று நமக்கே தெரியும். பிறகு வருகிறது அசல் வலி. கால் விரலிலிருந்து தலை வரை ஒன்றரை மீட்டருக்கு மேல். அதில் தண்டுவடம் வரையிலான ஒரு மீட்டரை மெல்லிய இழை நடந்தே வர வேண்டும்.

வேக வித்தியாசத்துக்குக் காரணம் இழையின் தடிமனும், அதைச் சுற்றியிருக்கும் மயலின் என்ற கொழுப்பு உறையும். உறையுள்ள இழையில் இடைவெளி விட்டு இடைவெளி விட்டுக் கணுக்கள் இருக்கின்றன, ரான்வியர் கணுக்கள். உறையில்லாத இழையில் செய்தி எல்லா நிறுத்தத்திலும் நின்று வரும் டவுன் பஸ், உறையுள்ளதில் பாயிண்ட் டு பாயிண்ட்.

மீன் கடையில் ஊசிக் கணவாய் வாங்குகிறீர்களே, அதற்கு மயலின் கிடையாது. ஆனால் ஆபத்து வந்தால் தண்ணீரைப் பீய்ச்சித் தப்ப வேண்டும். அதனால் இழையையே தடியாக்கிக்கொண்டது, அரை மில்லிமீட்டர், ஒரு மில்லிமீட்டர் வரை. கண்ணுக்கே தெரியும். இங்கிலாந்து விஞ்ஞானிகள் ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் அதற்குள் மின்முனையை நுழைத்துத்தான் நரம்பில் மின்சாரம் எப்படிப் பிறக்கிறது என்று 1952-இல் எழுதினார்கள். சோடியம் உள்ளே, பொட்டாசியம் வெளியே என்று நாம் படித்த பாடம் அது.

8 ஜூன், மாலை 5.20

என் வேலையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஊரில் இதற்குப் பெயர் "கரண்ட் டெஸ்ட்". வாசலிலேயே பயந்துபோய் வருவார்கள். முதலில் என் கையிலேயே ஒருமுறை வைத்துக் காட்டிவிடுவேன்.

கட்டைவிரல் மேட்டில் ஒரு மின்முனை ஒட்டுவோம். மணிக்கட்டில் லேசாக ஷாக் கொடுத்தால் கட்டைவிரல் துள்ளும். எத்தனை மில்லிவினாடியில் துள்ளியது என்று திரையில் வரும். பிறகு முழங்கை மடிப்பில் ஷாக். அதே துள்ளல், கொஞ்சம் தாமதமாக. இரண்டு நேரத்தையும் கழித்து, நடுவில் உள்ள தூரத்தை டேப்பால் அளந்து வகுத்தால் வேகம் கிடைக்கும். ஏன் கழிக்க வேண்டும்? நரம்பின் முனையிலிருந்து தசைக்குத் தாண்டுவதற்கும் கொஞ்ச நேரம் போகிறது. இரண்டிலும் அது இருப்பதால் கழித்தால் போய்விடும். கையில் வினாடிக்கு 50 மீட்டர், காலில் 40 மீட்டருக்கு மேல் இருந்தால் பொதுவாகச் சரி.

இதில் ஏமாற்றுகிற ஆள் ஏசி. தோலின் வெப்பம் ஒரு டிகிரி குறைந்தால் வேகம் சுமார் 2 மீட்டர் குறையும். மார்கழியில் பைக்கில் வந்து இறங்கி, அப்படியே ஏசி அறையில் கையை நீட்டுகிறவருக்கு நரம்பு வியாதி இருப்பது போலவே ரிப்போர்ட் வரும். அதனால் எண் சந்தேகமாக இருந்தால் முதலில் கையைத் தொட்டுப் பார்ப்பேன். சில்லென்று இருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் வைக்கச் சொல்லிவிட்டு மறுபடி எடுப்பேன். எத்தனையோ "வியாதி" வாளித் தண்ணீரிலேயே குணமாகியிருக்கிறது.

ஆனால் எந்த மெஷினும் சொல்வதற்கு முன்பே வருகிறவர்கள் சொல்லிவிடுவார்கள். "பஞ்சு மேல நடக்கிற மாதிரி இருக்கு." "எறும்பு ஊருது." எல்லாவற்றையும் விட என்னை உஷாராக்குவது ஒன்று உண்டு: "செருப்பு கழண்டு போனதே தெரியலைங்க, பின்னாடி வந்தவங்க சொல்லித்தான் பார்த்தேன்." இதைச் சொன்னால் காலில் என்ன வரப்போகிறது என்று எனக்குப் பாதி தெரிந்துவிடும்.

9 ஜூன், இரவு 8.00

கால் மரத்துப்போவது பற்றிச் சுருக்கமாக. சம்மணம் போட்டு உட்கார்ந்தால் நரம்பு அழுந்துகிறது, அதற்குப் போகும் ரத்தமும் குறைகிறது. எழுந்ததும் நரம்பு தாறுமாறாகச் செய்தி அனுப்புகிறது, அதுதான் அந்த ஊசிக் குத்தல். நிமிடத்தில் போய்விடும்.

முழங்காலுக்கு வெளிப்பக்கம், கொஞ்சம் கீழே ஓர் எலும்புக் குமிழ் இருக்கிறது. அதைச் சுற்றிக்கொண்டு ஒரு நரம்பு போகிறது, மேலே தோல்தான், வேறு பாதுகாப்பு இல்லை. மணிக்கணக்கில் குந்தி உட்கார்ந்து வேலை செய்கிறவர்களுக்கு இது நசுங்கிப் பாதம் தொங்கிப்போவது உண்டு. வாதம் வந்துவிட்டது என்று பதறி வருவார்கள். நசுக்கம் மட்டும்தான் என்றால் வாரங்களில் சரியாகும். இழையே அறுந்திருந்தால் நாளுக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர்தான் வளரும். கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

வெஸ்டர்ன் டாய்லெட்டில் போனோடு அரை மணி நேரம் உட்கார்ந்து எழும்போது கால் வராமல் சுவரைப் பிடிக்கிறீர்களே, அதுவும் நரம்பு அழுந்துவதுதான். பெயர் சொல்ல மாட்டேன், இந்த உரையாடலிலேயே இருக்கிறீர்கள்.

11 ஜூன், இரவு 10.15

தொழுநோயில் விரல் தானாக உதிர்கிறது என்று பாட்டி சொன்னதாக ஒருவர். இது எனக்குப் பிடித்த விஷயம், கொஞ்சம் நீளும்.

அந்தக் கிருமி குளிர்ச்சியான இடத்தைத் தேடுகிறது. அதனால் தோலுக்கு அருகில் ஓடும் நரம்புகளைப் பிடிக்கும்: முழங்கைக்குப் பின்னால் உள்ளது, மேலே சொன்ன குமிழ் நரம்பு, கணுக்கால், முகம். முழங்கைக்குப் பின்னால் தொட்டாலே தடித்த கயிறு மாதிரி உருளும். முதலில் போவது சூடும் வலியும் தெரிகிற இழைகள். ஆனால் ஆழத்தில் உள்ள நரம்புகள் பெரும்பாலும் தப்பிவிடுவதால் முழங்கால் தட்டினால் நன்றாகவே வரும். கையில் சிகரெட் சுட்டாலும் தெரியாத ஒருவருக்கு எல்லா ரிஃப்ளெக்ஸும் சரி. தட்டிப் பார்த்து "நரம்பு நல்லா இருக்கு" என்று சொல்லிவிட முடியாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

விரல் உதிர்வதில்லை. சுட்டது தெரியாமல், கிழிந்தது தெரியாமல், சீழ் பிடித்தது தெரியாமல் பயன்படுத்திப் பயன்படுத்தி எலும்பு வரை தேய்ந்து குட்டையாகிறது. இதை உரக்கச் சொன்னவர்களில் முக்கியமானவர் பால் பிராண்ட். 1914-இல் கொல்லிமலையில் பிறந்தவர், 1946-இல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்தார். மடங்கிப்போன கைவிரல்களை, வேலை செய்கிற வேறு தசையின் நாணை மாற்றிக் கட்டி நிமிர்த்தினார். இரவில் விரலில் காயம் எப்படி வருகிறது என்று தேடியபோது, தூங்கும்போது எலி கடிப்பது தெரிந்தது. வலி இல்லாததால் எழுந்திருக்கவில்லை. வீட்டுக்குப் போகிறவர்களுக்குப் பூனை கொடுத்து அனுப்பினார்கள். மருந்துச் சீட்டில் பூனை!

1982-லிருந்து கூட்டு மருந்து இருக்கிறது, கிருமி போய்விடும். முழுதாகச் செத்த நரம்பு மட்டும் திரும்பாது. உணர்ச்சியில்லாத தேமல் இருந்தால் சீக்கிரம் காட்டச் சொல்வது அதனால்தான்.

13 ஜூன், காலை 6.50

முதல் நாள் "பழக்க முடியாது" என்று ஒரே வரியில் முடித்திருந்தேன். அதை இன்னும் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். வேகத்தைக் கூட்ட முடியாது. நரம்பின் நீளமும் தடிமனும் நம் கையில் இல்லை. ஆனால் அளவு மாறும். அமெரிக்காவில் வோல்பா என்பவர் குரங்குகளுக்குப் பரிசு கொடுத்துக் கொடுத்து இதே வகை ரிஃப்ளெக்ஸைப் பெரிதாக்கவும் சிறிதாக்கவும் பழக்கினார், பிறகு மனிதர்களிலும் முடிந்தது. டென்மார்க் ராயல் பாலே நடனக்காரர்களின் கெண்டைக்கால் ரிஃப்ளெக்ஸ் மற்ற விளையாட்டு வீரர்களைவிடச் சிறியது என்று 1993-இல் ஓர் ஆய்வு வந்தது. விரல் நுனியில் நிற்கிறவர்களுக்குத் தண்டுவடம் அவசரப்படாமல் இருப்பதுதான் நல்லது போல.

தம்பி, இதை வைத்துக் கோச்சிடம் வாதாட வேண்டாம். கேட்ச் பிராக்டிஸ் செய்யுங்கள்.

13 ஜூன், மதியம் 1.40

"ரிஃப்ளெக்ஸ் பலமாக வந்தால் நரம்பு பலம்தானே?" இல்லை. மூளையிலிருந்து இறங்கும் வழி கெட்டால் கட்டுப்படுத்த ஆளில்லாமல் உதை கூடும். தண்டுவடத்துக்கு வெளியே கை காலுக்கு ஓடும் நரம்பு கெட்டால் குறையும், அல்லது வராது. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிறதா என்பதுதான் முதலில் பார்க்க வேண்டியது. பிறவியிலேயே மந்தமாக வருகிறவர்கள் இருக்கிறார்கள், ஓடியாடிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

உள்ளங்காலைக் கீறினால் பெருவிரல் மேலே போவது பெரியவர்களுக்கு ஆகாது, பிரான்ஸ் டாக்டர் பாபின்ஸ்கி 1896-இல் சொன்னது. கைக்குழந்தைக்குப் போனால் ஒன்றுமில்லை, இறங்கும் வழிக்கு இன்னும் உறை போட்டு முடியவில்லை. பேரனுக்குக் கீறிப் பார்த்துவிட்டு எனக்கு மெசேஜ் அனுப்பிய பெரியவருக்கு இந்தப் பதில்.

தைராய்டு குறைந்தவர்களுக்குக் குதிகால் நாணைத் தட்டினால் பாதம் ஒழுங்காக இறங்கும், ஆனால் சோம்பேறி போல மெதுவாகத் திரும்பும். பழைய டாக்டர்கள் அதைப் பார்த்தே ரத்தப் பரிசோதனை எழுதுவார்கள்.

15 ஜூன், இரவு 9.25

"அப்பாவுக்குப் பதினைந்து வருஷமாகச் சுகர். ராத்திரி உள்ளங்கால் எரிகிறது என்கிறார், போர்வை பட்டாலே தாங்கவில்லை. கரண்ட் டெஸ்ட் நார்மல் என்று வந்துவிட்டது. மனப்பிரமையா அண்ணா?" என்று ஒரு தங்கை கேட்டிருக்கிறார்.

மனப்பிரமை என்று அப்பாவிடம் சொல்லிவிடாதேம்மா. என் மெஷின் தடித்த, வேகமான இழைகளைத்தான் அளக்கும். எரிச்சலைக் கொண்டுவருகிற மெல்லிய இழைகள் இந்த டெஸ்ட்டில் தெரியாது. சுகரில் பல பேருக்கு அவைதான் முதலில் கெடும். நீளமான நரம்பு முதலில் அடிபடும் என்பதால் பாதத்தில் தொடங்குகிறது. இழைக்கு வேண்டிய சரக்கெல்லாம் முதுகுப் பக்கத்தில் உள்ள நரம்பணுவிலிருந்து ஒரு மீட்டர் பயணம் செய்து வர வேண்டும். மரப்பு மேலே ஏறி முழங்காலை நெருங்கும்போது விரல் நுனிகளிலும் தொடங்குவது அதே கணக்குத்தான்.

டாக்டரிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். ஒன்று, தொடுவது தெரிகிறதா என்று 10 கிராம் நைலான் இழையாலும், அதிர்வு தெரிகிறதா என்று 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையாலும் பாதத்தைப் பார்த்தார்களா, குதிகால் ரிஃப்ளெக்ஸ் தட்டினார்களா என்று. வயதானவர்களுக்கு அந்த ரிஃப்ளெக்ஸ் வராமல் இருப்பதும் சகஜம், அதை மட்டும் வைத்துப் பயப்பட வேண்டாம். இரண்டு, அப்பா மெட்ஃபார்மின் என்ற சுகர் மாத்திரை சாப்பிடுகிறாரா? நாள்பட்டால் அது பி12 வைட்டமினைக் குறைக்கும், அதுவும் நரம்பைக் கெடுக்கும். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், குறைவாக இருந்தால் ஊசியோ மாத்திரையோ போட்டுச் சரிசெய்யலாம்.

சைவமா அப்பா? அப்படியானால் பி12-ஐக் கட்டாயம் பாருங்கள். ரிசல்ட் வந்ததும் இங்கேயே எழுதும்மா, சர்க்கரை அளவையும் சேர்த்துப் போடு.